முறை வைக்கும் கருவி

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலை ஒட்டிப் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திர மாநிலத்திலும் விரிந்துள்ள இவ்வேரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் பெரியது. ஆரணியாறும் காளங்கியாறும் சுவர்ணமுகியும் இதில் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்டதோர் அணைபோல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அமைந்துள்ளது. விண்கலங்களை ஏவும் தளம் இருப்பதனால் அத்தீவின் பெயரை இன்று உலகம் அறியும். ஆனால் டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டிலேயே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிக் கடல் வாணிகம் நடத்திய இடம் அருகிலுள்ள பழவேற்காடே ஆகும்.

ஏரியும் கடலும் ஒன்றோடொன்று கலக்கும் வாயிலை முகத்துவாரம் என்பர். கடலில் பிறந்த இறாற்குஞ்சுகள் இவ்வாயில் வழியாகவே ஏரிக்குள் புகுந்து வளர்ந்து, பருவம் எய்தியபின் கடலை நாடித் திரும்புகின்றன. ஆகவே, முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பகுதியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். கிடைக்கும் இடமோ சிறிது. அதனை நாடும் வலைகளோ பல. எல்லோரும் ஒரே நாளில் அங்குக் கழி நட்டு வலை கட்டினால், வலையோடு வலை சிக்கும், எவருக்கும் பயன் கிட்டாது, பூசலும் விளையும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க, அவ்வூர் மீனவர் நெடுங்காலமாகவே ஒரு முறையைக் கைக்கொண்டுள்ளனர். அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கியும் வரிசை வைத்தும் முன்னரே வரையறுத்துவிடுவர். நல்ல இடம் இன்று ஒருவர்க்கு வாய்த்தால், மற்றொரு நாள் வேறொருவர்க்கு வாய்க்கும். கோட்டைக்குப்பம், நடூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பாட்டு முறையை ஆராய்ச்சியாளர் பலர் நேரில் கண்டு எழுதியுள்ளனர். இம்முறையில் ஒரு குறையும் உண்டு. திருமணமான ஆடவராகத் தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்தவர்க்கே பாட்டில் இடம் கிடைக்கும். பாட்டில் இடம் பெறாத பிற குப்பத்தார் மனக்குறை கொண்டதும், அதனால் பிணக்குகள் எழுந்ததும் உண்டு. ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்களுக்கும் அதில் இடமில்லை. பொதுப்பொருளைப் பகிர்வதற்கு முறை வேண்டும் என்பது ஒன்று. அம்முறைக்குள் யார் யார் அடங்குவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டு வினாக்களும், நீரோடு சிறிதும் தொடர்பில்லாத ஓர் இடத்தில் அப்படியே மீண்டும் எழுகின்றன. அவ்விடம் இணைய வசதி பெற்ற இல்லம் ஆகும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாளாகும். அந்நாளில் தொலைபேசிக் கம்பியின் வழியே ஒரு கணிப்பொறி மட்டும் மெல்ல மெல்லச் செய்தியைப் பெற்றது. ஓர் இல்லத்திற்கு ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு கணிப்பொறி என்பதே வழக்கமாக இருந்தது. இன்று கண்ணாடியிழை என்னும் மெல்லிய இழையின் வழியாக ஒளி வடிவில் செய்தி வருகின்றது. சிற்றூர் ஊராட்சிகளுக்கும் இவ்விழையைக் கொண்டு செல்லும் திட்டத்தை இந்திய அரசு 2011-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்பணிக்கெனத் தனி நிறுவனமே அமைந்துள்ளது. வரும் இழை ஒன்றே. அதனை நாடும் கருவிகளோ பலவாகிவிட்டன.

மீனவர் இல்லம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தந்தை கடலுக்குச் செல்லுமுன், ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் வெளியிடும் அலை உயர அறிவிப்பைக் கைப்பேசியில் காண்கின்றார். கல்லூரியிற் பயிலும் மகள் மடிக்கணினியில் பாடம் கேட்கின்றாள். அவள் தம்பி மேசைக் கணிப்பொறியில் பயிற்சி எழுதுகின்றான். தாயோ பனையோலைக் கூடை முடைந்து விற்பவர். கூடைகளின் படங்களை வெளியூர் வணிகர்க்கு அனுப்புகின்றார். நால்வரும் ஒரே வேளையில் ஒரே இழையை நாடுகின்றனர். 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இத்தகைய வீடுகளில் எவர் பாடத்தை முதலில் கேட்பது என்பது உண்மையிலேயே பெரிய வழக்காயிற்று.

இவ்வழக்கைத் தீர்த்து வைக்கும் சிறு பெட்டியே திசைவி ஆகும். கடைகளில் இதனை ரௌட்டர் என்பர். இதன் ஒரு புறம் வெளியிணையத்தை நோக்கியும், மறு புறம் வீட்டுக் கருவிகளை நோக்கியும் உள்ளது. முகத்துவாரம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நிற்பது போல இது நிற்கின்றது. வாயில் தூர்ந்துவிட்டாலும் ஏரிக்குள் படகுகள் ஓடுவது நிற்பதில்லை. அதுபோலவே வெளியிழை அறுந்துபோனாலும், வீட்டிலுள்ள கணிப்பொறி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை அனுப்புவதும், அச்சுப்பொறியில் அச்சிடுவதும் தடையின்றி நடைபெறும். வீட்டு வலையமைப்பு வேறு, இணையம் வேறு என்னும் இவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்துகொண்டால், பின்னர்க் கூறுவன எல்லாம் எளிதில் விளங்கும்.

செய்தி எவ்வாறு செல்கின்றது? ஒரு படத்தையோ கடிதத்தையோ கணிப்பொறி முழுமையாக ஒரே முறையில் அனுப்புவதில்லை. அதனைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகிய இரண்டையும் பொறித்து விடுக்கின்றது. பொட்டலங்கள் தனித்தனியே பயணம் செய்து, சேருமிடத்தில் மீண்டும் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. இதனால் ஒருவருடைய பெரிய படம் செல்லும் வரையில் மற்றவர் காத்திருக்க வேண்டுவதில்லை. இவருடைய பொட்டலம் ஒன்று, அவருடைய பொட்டலம் ஒன்று என மாறி மாறி இழையில் ஏறுகின்றன. பொட்டலங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் செல்வதனால், நால்வரும் தத்தமக்கே தனி இழை இருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர்.

முகவரிகளிலும் ஒரு புதுமை உண்டு. இணையத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் எண் முகவரிகளின் மொத்தத் தொகை 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 ஆகும். இத்தொகையை வகுத்த அறிஞர் இதனைப் பெரிதென்றே கருதினர். ஆயினும் உலக மக்கள்தொகை இன்று 800 கோடியைக் கடந்துவிட்டது. ஒருவரே இரண்டு மூன்று கருவிகளை வைத்துக்கொள்ளும் காலமும் வந்துவிட்டது. உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் முற்றும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. அதன் பின்னும் இணையம் வளர்ந்ததற்குக் காரணங்களுள் ஒன்று, வீட்டுத் திசைவி செய்யும் ஓர் எளிய தந்திரமாகும்.

நிறுவனம் வீட்டிற்கு ஒரே முகவரியைத் தருகின்றது; சில நிறுவனங்கள் அதனையும் பல வீடுகளுக்குப் பொதுவாக்கிவிடுகின்றன. திசைவி அம்முகவரியைத் தான் வைத்துக்கொண்டு, வீட்டுக் கருவிகளுக்கு உள்முகவரிகளை வழங்குகின்றது. அவை பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இத்தகைய எண்களை வீடுகளும் அலுவலகங்களும் தத்தம் எல்லைக்குள் வழங்கிக்கொள்ளலாம் என 1996-ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. இவை வெளியுலகில் செல்லாதவை. ஆகையால் ஒரே எண் இலட்சக்கணக்கான வீடுகளில் இருப்பினும் குழப்பம் நேர்வதில்லை. தெருவுக்குத் தெரு 5-ஆம் எண் வீடு இருப்பது போன்றதே இது. மகளின் மடிக்கணினி ஒரு பொட்டலத்தை வெளியே அனுப்பும்போது, திசைவி அதிலுள்ள உள்முகவரியை நீக்கித் தன் முகவரியைப் பொறித்து விடுக்கின்றது. இன்ன விடை வந்தால் அஃது இவளுக்கு உரியது என்று தன் குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்கின்றது. விடை வந்தவுடன் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கின்றது. எவரும் கேளாதிருக்க வெளியிலிருந்து தானாக வரும் பொட்டலத்திற்குக் குறிப்பேட்டில் இடமில்லை. ஆகவே அது வாயிலிலேயே நின்றுவிடும். முகவரிப் பஞ்சத்தைப் போக்க வந்த ஏற்பாடு, ஓரளவு காவலாகவும் அமைந்துவிட்டது.

இனி, திசைவிக்கும் கருவிகளுக்கும் இடையேயுள்ள வழியைக் காணலாம். அவ்வழி இரு வகைப்படும்: ஒன்று கம்பி, மற்றொன்று காற்றில் பரவும் வானொலி அலை. இவ்விரண்டின் இயல்பும் அடியோடு வேறானது. அவ்வேறுபாட்டை அறியாமையே பெரும்பாலான வீடுகளில் இணையம் மெலிவதற்குக் காரணம் எனலாம்.

கம்பியில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வழி உண்டு. எட்டுச் செப்புக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு இணைகளை ஓர் உறைக்குள் அடக்கியிருப்பர். மீனவர் கயிறு திரிப்பது வலிமைக்காக. இங்கு முறுக்குவதோ, அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவாகப் படிந்து நீங்குவதற்காக. 100 மீட்டர் நீளம் வரையில் இக்கம்பி நம்பத்தக்கது. ஒருவர் கம்பியில் செல்லும் பொட்டலம் மற்றவர் கம்பியில் செல்வதோடு மோதுவதில்லை.

காற்றோ அனைவர்க்கும் பொது. ஓரலையில் ஒரு வேளையில் ஒரு கருவியே பேச இயலும். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் சிதையும். இவ்விடர்ப்பாட்டை முதன்முதலாக எதிர்கொண்டவர்கள் ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த அறிஞர்கள் ஆவர். பசிபிக் பெருங்கடலிலுள்ள அத்தீவுகளுக்கிடையே கம்பி இழுப்பது அரிது. ஆகவே, பல்கலைக்கழகத்து மையக் கணிப்பொறியை வெவ்வேறு இடங்களிலிருந்து பயன்படுத்துவதற்கு நார்மன் ஆப்ரம்சன் என்பவரும் அவருடைய துணைவரும் வானொலி அலையை நாடினர். 1971-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர்தம் அமைப்பு இயங்கத் தொடங்கிற்று. அலோகா என்பது அதன் பெயர். ஹவாய் மொழியில் அது வணக்கச் சொல்லாகும்.

அதன் விதி மிக எளியது. அனுப்ப வேண்டியது இருந்தால் உடனே அனுப்புக. மையத்திலிருந்து 'வந்து சேர்ந்தது' என்னும் விடை வாராவிடில், மோதல் நேர்ந்ததென்று அறிந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்புக. அச்சிறிது நேரம் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். இல்லையேல் முன்பு மோதிய இருவரே மீண்டும் மோதுவர். இவ்விதி நன்றே நடந்தது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தபோது, நெரிசல் மிகுந்தால் அவ்வலைவழியின் ஆற்றலில் அதிகமாகப் போனால் 18 விழுக்காடே பயன்படும் எனத் தெரிந்தது. எஞ்சியது மோதலிலும் வெறுமையிலும் கழிந்தது. 1972-ஆம் ஆண்டில் லாரன்சு ராபர்ட்சு என்பவர் ஒரு சிறு மாற்றத்தைக் கூறினார்: நேரத்தைச் சம கூறுகளாக வகுத்து, ஒவ்வொருவரும் ஒரு கூறின் தொடக்கத்தில் மட்டுமே பேசத் தொடங்குதல் வேண்டும். இவ்வளவே மாற்றம், பயனோ இரு மடங்காகி ஏறக்குறைய 37 விழுக்காடாயிற்று. அலையும் மிகவில்லை, கருவியும் மிகவில்லை. முறை மட்டுமே திருந்திற்று. பழவேற்காட்டுக் குப்பத்தார் இக்கணக்கைக் கேட்டிருப்பின் வியப்படைந்திருக்க மாட்டார்கள்.

இன்றைய வீட்டு அலைத்தொடர்புக்கு வைஃபை என்று பெயர். இதன் முதல் தரவிதி 1997-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இதில் கருவிகள் இன்னும் ஒரு படி மேலான ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கின்றன. பேசுமுன் செவிமடுக்கின்றன, வேறொருவர் பேசினால் காத்திருக்கின்றன, அமைதி நிலவியபின்னும் உடனே பேசாமல், குலுக்கல் முறையில் கிடைத்த ஓர் எண்ணை மனத்துக்குள் எண்ணி முடித்துப் பின்னரே பேசுகின்றன. மோதல் நேர்ந்தால் அடுத்த முறை இன்னும் நெடிதாக எண்ணுகின்றன. இவ்வாறு காத்திருப்பதற்கே காலத்தின் ஒரு பகுதி செலவாகின்றது. கருவிகள் பெருகப் பெருக அச்செலவும் பெருகும்.

இங்கே பலரும் அறியாத ஓர் உண்மை உண்டு. திசைவிக்கு அண்மையிலுள்ள கருவி விரைந்து பேசும். சுவர்களுக்கு அப்பால் தொலைவிலுள்ள கருவி, அலை மெலிவதனால், பிழை நேராதவாறு மெதுவாகப் பேசும். ஒரே அளவான செய்தியைச் சொல்ல அதற்குப் பன்மடங்கு நேரம் வேண்டும். அது பேசி முடிக்கும் வரையில் விரைவானவையும் வாய்மூடி நிற்க வேண்டும். ஆகவே, புறக்கடையில் அமர்ந்து ஒருவர் படம் பார்த்தால், கூடத்தில் திசைவியின் அருகிலேயே இருப்பவர்க்கும் வேகம் குன்றும். குற்றம் நிறுவனத்தினுடையது என்று தொலைபேசியில் சினந்து பேசுவோர் பலர். பல வேளைகளில் குற்றம் திசைவி வைத்த இடத்தினுடையது.

எனவே, திசைவியை வீட்டின் நடுவில், தரையிலிருந்து ஆளுயரத்தில், திறந்த இடத்தில் வைத்தல் நலம். இழை நுழையும் மூலையிலேயே, அலமாரிக்குள் அடைத்து வைப்பது பெருவழக்காயினும் பிழை. வானொலி அலையைத் தகரமும் இரும்பும் எதிர்த்துத் தள்ளிவிடும், நீர் உறிஞ்சிவிடும். ஆகையால் இரும்புப் பீரோவின் பின்புறமும் நீர்த்தொட்டியின் அருகும் தகா. கடற்கரை ஊர்களில் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். கடலை நோக்கிய சன்னலருகே வைத்த கருவி நீண்டநாள் உழைக்காது.

திசைவிகள் பெரும்பாலும் இரு வகை அலைகளைத் தருகின்றன. 2.4 கிகாஹெர்ட்சு அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுடையது; சுவரை ஊடுருவித் தொலைவு செல்லும்; ஆனால் அண்டை வீட்டார் அலைகளோடு நெருக்குண்ணும். 5 கிகாஹெர்ட்சு அலை அதில் பாதி நீளமே உடையது, விரைவு மிக்கது, சுவரிடம் எளிதில் தோற்கும். அண்மையிலுள்ளவர்க்குப் பின்னதும் அப்பாலுள்ளவர்க்கு முன்னதும் பொருந்தும்.

எவற்றைக் கம்பியில் இணைப்பது என்னும் வினாவுக்கு விடை இப்போது தானே விளங்கும். இடம்விட்டு இடம் பெயராதவற்றையும், மிகுதியாகச் செய்தி விழுங்குபவற்றையும் கம்பியில் இணைத்தல் வேண்டும்: மேசைக் கணிப்பொறி, தொலைக்காட்சிப் பெட்டி, அச்சுப்பொறி முதலியன. அவை காற்றைவிட்டு விலகினால், கைப்பேசியும் மடிக்கணினியும் அக்காற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தம்பியின் கணிப்பொறிக்குப் பத்து மீட்டர்க் கம்பி ஒன்று வாங்கிக் கொடுப்பது, அக்காளின் பாடத்தையும் தெளிவாக்கும். விலையுயர்ந்த புதிய திசைவியை வாங்குமுன் இச்சிறு செலவைச் செய்து பார்ப்பது அறிவுடைமை.

அமைக்கும் வகை வருமாறு. கண்ணாடியிழை வந்து முடியும் பெட்டியில் ஒளி மின்குறியாக மாறுகின்றது. அப்பெட்டியிலிருந்து வரும் கம்பியைத் திசைவியின் தனித்து நிற்கும் துளையில் செருக வேண்டும். அது பெரும்பாலும் நிறத்தால் வேறுபட்டிருக்கும். பல வீடுகளில் இவ்விரு பெட்டிகளும் ஒன்றாகவே வருகின்றன. அங்கு இவ்வேலை இல்லை. எஞ்சிய துளைகள் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு உரியவை. ஒரு கணிப்பொறியை அவற்றுள் ஒன்றில் கம்பியால் இணைத்து, உலாவியில் திசைவியின் உள்முகவரியை எழுதினால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அம்முகவரியும், நுழைவதற்குரிய பெயரும் சொல்லும் பெட்டியின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனம் தந்த பயனர் பெயர் இருப்பின் அதனை உரிய கட்டத்தில் நிரப்பியவுடன் வெளியிணையம் கிட்டும். உள்முகவரிகளைத் திசைவி தானே வழங்கிக்கொள்ளும். அதில் கைவைக்க வேண்டுவதில்லை.

கைவைக்க வேண்டியவை வேறு உண்டு. முதலாவது, அமைப்புப் பக்கத்தில் நுழைவதற்கான சொல். பெட்டியோடு வந்த சொல்லை மாற்றாது விடுவோர் மிகப் பலர். ஒரே மாதிரியான பெட்டிகள் பலவற்றில் ஒரே சொல்லே இருப்பதும் உண்டு. இதன் விளைவை 2016-ஆம் ஆண்டு உலகம் கண்டது. மிராய் என்னும் தீய நிரல், ஆலைகளில் இட்டனுப்பும் பெயர்-சொல் இணைகள் 60-க்கு மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு, இணையத்திலுள்ள காவற் படக்கருவிகளின் கதவையும் திசைவிகளின் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் ஏவலர் ஆக்கிக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வேவலர் கூட்டம் இணையப் பெயர்களுக்கு முகவரி கூறும் ஒரு நிறுவனத்தின்மீது ஒருசேரப் பொட்டலங்களைப் பொழிந்ததனால், பெயர்பெற்ற இணையத்தளங்கள் பலவற்றை அமெரிக்க மக்கள் பல மணிநேரம் திறக்க இயலாது போயிற்று. அக்கருவிகளின் உரிமையாளர்க்கோ தம் வீட்டுப் பெட்டி இத்தொழில் செய்ததென்பதே தெரியாது.

இரண்டாவது, வைஃபைக்குரிய கடவுச்சொல். இதில் டபிள்யு.பி.ஏ. 2 அல்லது டபிள்யு.பி.ஏ. 3 என்னும் காவல்முறையைத் தெரிவு செய்தல் வேண்டும். தொடக்கக் காலத்து முறையாகிய டபிள்யு.இ.பி. 2001-ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஊர்ப்பெயர், பிறந்த நாள், படகின் எண் முதலியன பிறர் எளிதில் ஊகிக்கக் கூடியவை; ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடர் வலியது; நினைவிலும் நிற்கும். விருந்தினர்க்கெனத் தனிப் பெயரும் தனிச் சொல்லும் உடைய ஓர் அலையைப் பல திசைவிகள் தரும். அதன் வழியே வருவோர் இணையத்தைப் பெறுவர். வீட்டுக் கணிப்பொறிகளுக்குள் எட்டிப்பார்க்க இயலாது. அடுத்த வீட்டுப் பிள்ளை பாடம் கேட்க வந்தால், கதவை முற்றும் திறக்கவும் வேண்டா, முற்றும் மூடவும் வேண்டா. யார் யாருக்கு இடம் என்னும் பழைய வினாவுக்கு, பாட்டு முறையில் இல்லாத ஒரு நெகிழ்ச்சி இங்கு இருப்பதைக் காணலாம்.

இணையம் நின்றுவிட்டால், பெட்டியின்மீதுள்ள சிறு விளக்குகளையே முதலில் நோக்குதல் வேண்டும். வெளியிழைக்குரிய விளக்கு சிவந்தோ அணைந்தோ இருந்தால் பழுது வெளியே உள்ளது. நிறுவனத்தாரே வந்து சீர்செய்ய வேண்டும். அது சரியாக எரிந்து, ஒரு கருவி மட்டும் இயங்காவிடில் பழுது அக்கருவியில் இருக்கக்கூடும். கம்பியில் இணைந்தது நன்கு இயங்கி, காற்றில் இணைந்தவை மட்டும் தடுமாறினால் இடத்தையோ நெரிசலையோ ஆராய வேண்டும். பின்புறமுள்ள ஊசித்துளையை அழுத்துவது எல்லாவற்றிற்கும் மருந்தென்று கருதுவோர் உளர். அது செய்து வைத்த அமைப்பு அனைத்தையும் அழித்து, பழைய கடவுச்சொல்லையே மீண்டும் கொணர்ந்துவிடும். மின்தடை மிகுந்த ஊர்களில் திசைவிக்கென்று ஒரு சிறு மின்கலம் வைத்தால், வீடு இருண்டபோதும் செய்தி நிற்காது.

ஒரு வீட்டிற்குள் திசைவி செய்யும் இப்பணியை, வைஃபை பரவுவதற்கு முன்பே ஊர்களுக்கிடையில் செய்து பார்த்த இடம் ஒன்று நம் கடற்கரையில் உண்டு. 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிப் பகுதியில் சிற்றூர்த் தகவல் மையங்களை நிறுவினர். வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் அங்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு வானொலித் தொடர்பின் மூலம் பேச்சும் எழுத்தும் சென்றன. மின்தடைக்கெனச் சூரிய ஒளிக் கலங்களும் வைக்கப்பட்டன. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊருக்கு வேண்டியது அலைகளின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியான கடல்நிலைக் கணிப்பைப் பெற்று, தமிழில் எழுதி அனுப்பினர். ஆனால் அவ்வூரில் கணிப்பொறியைக் கையாளத் தெரிந்தவர் சிலரே. எனவே, கணிப்பொறியோடு செய்தி நின்றுவிடாமல், ஒலிபெருக்கியை நட்டு, படகேறப் புறப்படும் அனைவரும் கேட்குமாறு அறிவித்தனர்.

நல்லவாடு என்னும் மற்றொரு மீனவர் ஊரிலும் இத்தகைய மையம் இருந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், கடற்கோள் பற்றிய செய்தியை அறிந்து தம் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் உட்புகுவதாக வீட்டார் கூறினர். உடனே வீட்டைவிட்டு வெளியேறுமாறும், ஊராரையும் எச்சரிக்குமாறும் அவர் சொன்னார். மையத்தின் கதவு அவ்வேளையில் பூட்டியிருந்தது. ஊரார் அதனை உடைத்து உள்ளே நுழைந்து, நாள்தோறும் அலையின் உயரத்தைக் கூறிவந்த அதே ஒலிபெருக்கியில், எல்லோரும் ஓடுக என்று அறிவித்தனர். ஊர் மக்கள் ஓடி உயிர் தப்பினர்.